அப்டேட் வந்தது, சத்தம் போனது

சர்வீஸ் முடிந்து கார் வெளியே வருகிறது. ஆயில் மாற்றியாகிவிட்டது, பிரேக் பார்த்தாகிவிட்டது. “சாஃப்ட்வேர் அப்டேட்டும் போட்டாச்சுண்ணே” என்று சாவியை நீட்டுகிறார் சர்வீஸ் அட்வைசர். தேனியைத் தாண்டி வீரபாண்டி வருவதற்குள் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. பின் ஸ்பீக்கர்கள் பேசவில்லை. அல்லது பாட்டு முழுக்கப் போன் பேச்சைப் போல ஒல்லியாக வருகிறது. சில வண்டிகளில் சத்தம் சட்டென்று நின்று, திரை கருத்து, கம்பெனி லோகோ மறுபடி முதலிலிருந்து எழுகிறது. போன் போட்டுக் கேட்டால் எங்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான்: “அது கம்பெனி அப்டேட்டுண்ணே, எல்லா வண்டியிலயும் இப்படித்தான் வருது. அடுத்த அப்டேட்ல சரியாயிரும்.”

பெரும்பாலானவர்கள் அந்தப் பதிலோடு நின்றுவிடுகிறார்கள். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் மறுபடி தேனிக்குப் போய்வர ஒரு நாள் வேலை கெடும், டீசல் செலவு வேறு. “பாட்டுதானே, விடுங்க” என்று வீட்டிலும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. விலை கொடுத்து வாங்கிய நாளில் ஒழுங்காக வேலை செய்த ஒன்று, கம்பெனி ஏற்றிய மென்பொருளால் கெட்டுப்போனால் அது குறைபாடு. அதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்பது உரிமை.

இதைப் பாட்டுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. பல புதிய கார்களில் பாட்டு வரும் அதே வழியாகத்தான் எச்சரிக்கைச் சத்தங்களும் வருகின்றன. சீட் பெல்ட் போடாவிட்டால் எழும் ஒலி, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் இருந்தால் அடிக்கும் பீப், வேகம் கூடினால் வரும் எச்சரிக்கை ஆகியவற்றை 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. ஒலி வழியில் கோளாறு வந்தால் இவையும் ஊமையாகலாம். மார்கழிப் பனியில் போடிமெட்டுச் சாலையில் இறங்கும்போது வழி சொல்லும் குரல் நின்றுபோனால் ஓட்டுநரின் கண் சாலையை விட்டுத் திரைக்குப் போகும். அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் போனது என்றால், பாட்டைச் சோதிப்பதற்கு முன் இந்த எச்சரிக்கைகளைத்தான் சோதிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒருவரைப் பத்திரமான தூரத்தில் நிற்கவைத்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். முன்பு வந்த பீப் இப்போது வரவில்லை என்றால் அது காத்திருக்கக் கூடிய புகார் அல்ல.

கம்பெனிகள் தவறே செய்யாது என்று நினைப்பவர்களுக்குச் சில நடந்த கதைகள். 2016 ஜூனில் அமெரிக்காவில் லெக்சஸ் கார்களுக்குக் காற்றுவழி அனுப்பப்பட்ட தவறான தரவால் திரைகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. ரேடியோவும் வழிகாட்டியும் போயின. 2022 பிப்ரவரியில் டெஸ்லா அமெரிக்காவில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்ததாக அறிவித்தது. காரணம், மென்பொருள் பிழையால் சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலி சில நேரம் வராமல் போனதுதான். 2023 நவம்பரில் ரிவியன் நிறுவனம் தவறான பாதுகாப்புச் சான்றுகளோடு ஒரு அப்டேட்டை அனுப்பிவிட்டது. பல வண்டிகளில் திரை செயலிழந்தது, தவறு தங்களுடையது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2023 ஜூனில் கியா நிறுவனம் 30,297 கேரன்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. வண்டியைக் கிளப்பும்போது மீட்டர் திரை வெறுமையாகிவிடும் வாய்ப்பு இருந்தது. இலவச மென்பொருள் அப்டேட்டால் சரிசெய்தார்கள். மென்பொருள் பிழையை உற்பத்திக் குறையாகக் கம்பெனிகளே கருதுகின்றன. அப்படியிருக்க, நம்மிடம் மட்டும் “இப்படித்தான் வருது” என்று சொல்வது என்ன நியாயம்?

சத்தம் ஏன் போகிறது என்று கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால் சர்வீஸ் சென்டரில் வாய் திறந்து பேச முடியும். காரின் திரைக்குப் பின்னால் இருக்கும் கணினி, பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு, எந்தச் சுருதி எவ்வளவு என்ற கணக்கு அந்த வண்டிக்கென்றே அளந்து எழுதப்பட்டது. ஒரே மாடலில் நாலு ஸ்பீக்கர் வண்டியும் உண்டு, எட்டு ஸ்பீக்கர் வண்டியும் உண்டு. அப்டேட் போடும்போது வண்டி எந்த வகை என்ற குறியீடு தவறாகப் பதிந்தால் எட்டு ஸ்பீக்கர் வண்டி தன்னை நாலு ஸ்பீக்கர் வண்டி என்று நினைத்துக்கொள்ளும். திரைக்குப் புது மென்பொருள் ஏறி, ஆம்ப்ளிஃபயரில் பழையதே கிடந்தாலும் இரண்டுக்கும் பேச்சு ஒத்துவராது. ரேடியோவின் நாட்டு அமைப்பு மாறிப்போவதும் உண்டு. அமெரிக்க அமைப்புக்குப் போனால் எஃப்.எம். ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டும் தாவும். கோடை பண்பலை 100.5-இல் கிடைக்கும், ஆனால் உயர் சுருதிகள் அடைத்தது போலக் கேட்கும். இரட்டைப்படைத் தசமத்தில் முடியும் நிலையங்கள் கைக்கே வராது. இவை எல்லாமே சர்வீஸ் சென்டரின் கணினியைச் செருகிச் சரிசெய்யக் கூடியவைதான்.

ஆனால் குற்றம் எப்போதும் காரில்தான் என்றும் சொல்ல முடியாது. நம் போனும் தானாக அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது. எனவே முதலில் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே பாட்டைப் பென்டிரைவில் போட்டுக் கேளுங்கள், பிறகு புளூடூத்தில் கேளுங்கள், பிறகு எஃப்.எம். வையுங்கள். எஃப்.எம். சோதனையைச் சின்னமனூர்ப் பக்கச் சமவெளியில் செய்வது நல்லது. குமுளி ஏற்றத்தில் மலை மறைத்தால் எந்த ரேடியோவும் கரகரக்கும். மூன்றிலும் கோளாறு என்றால் பழி பெரும்பாலும் காரின் மேல். புளூடூத்தில் மட்டும் என்றால் போனைக் காரிலிருந்து நீக்கி மறுபடி சேருங்கள், இன்னொருவர் போனையும் இணைத்துப் பாருங்கள். பாட்டு போன் பேச்சைப் போலக் கேட்டால் இணைப்பு ‘அழைப்பு’ நிலையிலேயே சிக்கியிருக்கலாம். முன் பின், இடம் வலம் அமைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா என்று திரையில் பாருங்கள். அப்டேட் இந்த அமைப்புகளைத் தொட்டுவிடுவது சாதாரணம். வண்டியை அணைத்துப் பூட்டி ஒரு கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திறந்தாலே சில கோளாறுகள் போய்விடும். பாட்டரி வயரைக் கழற்றும் வேலை மட்டும் வேண்டாம், மின்சாரக் காரிலும் ஹைப்ரிடிலும் அறவே வேண்டாம்.

காற்றுவழி அப்டேட் வருகிறது என்று திரையில் அறிவிப்பு வந்தால், மேகமலையிலோ போடிமெட்டிலோ சிக்னல் அறுந்து அறுந்து வரும் இடத்தில் ‘சரி’ அழுத்தாதீர்கள். வீட்டில் நிறுத்தி, பாட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது போடுங்கள். அதற்கு முன் திரையில் இருக்கும் பழைய மென்பொருள் பதிப்பு எண்ணை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழும் வழக்கின் பாதிப் பலம் அந்தப் போட்டோவில் இருக்கிறது.

மீதிப் பாதி, சர்வீஸ் சென்டரில் நம் புகாரை எழுதும் ஜாப் கார்டில் இருக்கிறது. எங்கே நம் ஆட்கள் தோற்கிறார்கள் என்று கேட்டால் இந்த ஒரு தாளைத்தான் காட்டுவேன். நாம் ஐந்து நிமிடம் விளக்கிச் சொல்வோம். சர்வீஸ் அட்வைசர் ‘மியூசிக் சிஸ்டம் செக்’ என்று மூன்று சொல் எழுதுவார். மாலையில் ‘சோதித்தோம், குறையில்லை’ என்று முடித்துவிடுவார்கள். மூன்று தடவை போய்வந்தாலும் காகிதத்தில் உங்கள் குறை ஒரு தடவைகூட இருக்காது. எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: இன்ன தேதியில் அப்டேட் போட்ட பின் பின்பக்க இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலி இல்லை, அதற்கு முன் இருந்தது, பழைய பதிப்பு எண் இது, புதிய எண் இது. எழுத மறுத்தால் அங்கேயே உட்கார்ந்து அதே வாசகத்தை ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிப்பு எண் தெரியும் திரையில் தொடங்கி, வெட்டாமல், சத்தம் வராத ஸ்பீக்கர் வரை ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். “கம்பெனியிலதான் கேக்கணும்” என்று வாயால் சொல்வதை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 2(10) குறைபாடு என்பதை விளக்கும்போது, சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரத்தில் குறைவதோடு, விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட தரத்தில் குறைவதையும் சேர்த்துக்கொள்கிறது. பிரசுரத்தில் எட்டு ஸ்பீக்கர் என்று அச்சிட்டிருந்தால் எட்டும் பேச வேண்டும். அந்தப் பிரசுரத்தைத் தூக்கி எறியாதீர்கள். தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. அப்டேட் எதை மாற்றும் என்று தெரிந்தும் சொல்லாமல் போட்டிருந்தால் இதைப் பிடிக்கலாம்.

“அப்டேட் இலவசமாகப் போட்டதுதானே” என்ற வாதம் வரும். கட்டணமில்லாச் சேவை சட்டத்தின் கீழ் வராது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் புகார், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய காரின் குறையைப் பற்றியது. மனுவை அப்படியே எழுத வேண்டும். “ஓடுகிற வண்டிதானே, சௌகரியக் குறைதானே” என்றும் சொல்வார்கள். ஒரு மெர்சிடிஸ் காரின் நடுப்பகுதி தாங்க முடியாமல் சூடானதைக் குறைபாடாக ஏற்று, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. அந்தக் காரை வாங்கியது ஒரு நிறுவனம். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியதை வணிக நோக்கம் என்று ஒதுக்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஏலக்காய்க் கடையின் பெயரில் கார் வாங்கி வைத்திருக்கும் போடி வியாபாரிகள் இதைக் கவனிக்க வேண்டும். சொந்தமாக ஒரு டாக்ஸி வைத்துத் தேக்கடிக்கும் சபரிமலைக்கும் தானே ஓட்டிப் பிழைப்பவரும் சட்டப்படி நுகர்வோர்தான். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியது வணிக நோக்கம் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. பொறுமை இழந்து, வெளிக்கடையில் பென்டிரைவில் யாரோ கொடுத்த மென்பொருளை ஏற்றுவதும், ஒயரை வெட்டி வேறு ஆம்ப்ளிஃபயர் வைப்பதும் உங்கள் வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வதாகும். மாற்றம் செய்யப்பட்ட பொருளுக்கு விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு நிற்காது என்று பிரிவு 87 சொல்கிறது. வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். புகார் முடியும்வரை கை வைக்க வேண்டாம்.

முதல் கதவு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், செலவில்லை. பல கம்பெனிகள் இந்த நிலையிலேயே இறங்கிவருகின்றன. பெல்ட், ரிவர்ஸ் எச்சரிக்கைகளும் போயிருந்தால் அது கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 110ஏ தொடும் விஷயம். ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கான திரும்ப அழைப்பு விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கின்றன. புகார்கள் சேர்ந்தால் அரசே கம்பெனியைக் கேட்கும். ஒரே மாடலில் பத்துப் பேருக்கு இதே கோளாறு என்றால் பத்துப் பேரும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும்.

அதிலும் தீராவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காரை மதுரையில் வாங்கியிருந்தாலும் கோவையில் வாங்கியிருந்தாலும், குடியிருப்பது உத்தமபாளையம் என்றால் தேனியிலேயே மனு போடலாம். பழைய சட்டத்தில் இல்லாத இந்த வசதி நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்குப் பெரிய விடுதலை. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், காணொலி வழி விசாரணையும் கேட்கலாம். கோளாறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். “அடுத்த அப்டேட், அடுத்த அப்டேட்” என்று இழுத்தடிப்பதில் கரைவது இந்தக் காலம்தான். மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாக ஆகும் என்று எண்ணியே இறங்குங்கள்.

மனுவில் ஷோரூமை மட்டும் சேர்க்காமல் தயாரித்த கம்பெனியையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். மென்பொருளை எழுதியது கம்பெனி. அவர்கள் இல்லாத வழக்கில் ஷோரூம் கையை விரித்துவிடும். கேட்பதையும் தெளிவாக எழுதுங்கள்: செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும், முடியாவிட்டால் பழைய பதிப்பையோ புதிய பாகத்தையோ போட்டுத் தர வேண்டும், வண்டி சர்வீஸ் சென்டரில் கிடந்த நாட்களை வாரண்டியில் கூட்டித் தர வேண்டும், தேனிக்கு அலைந்த ஒவ்வொரு பயணத்தின் டீசலும் இழந்த கூலியும், வழக்குச் செலவும் தர வேண்டும். டீசல் ரசீதுகளை ஜாப் கார்டு தேதிகளோடு பொருத்தி அடுக்கி, மனுவோடு இணைத்துவிடுங்கள்.