மிக்ஸரிலிருந்து கேம்கார்டருக்கு

ஆடியோ மிக்ஸரின் லைன் அவுட்டில் வரும் மின்னழுத்தம், கேம்கார்டரின் மைக் ஜாக் எதிர்பார்ப்பதைவிட நூறு மடங்குக்கும் அதிகமாக இருக்கும். மைக் தருவது சில மில்லிவோல்ட். வீட்டு ஆடியோ கருவிகளின் லைன் அளவு சுமார் 0.316 வோல்ட்; மேடைகளில் பயன்படும் தொழில்முறை மிக்ஸர்களில் சுமார் 1.23 வோல்ட். மிக்ஸரையும் கேம்கார்டரையும் ஒரு கேபிளால் நேராக இணைத்தால் பதிவில் கரகரப்புதான் மிஞ்சும்.

கேமராவில் ஒலி அளவைக் குறைத்தால் போதும் என்று தோன்றும். பெரும்பாலான கேம்கார்டர்களில் அது உதவாது. மைக் ஜாக்கில் நுழையும் ஒலி முதலில் முன்பெருக்கிக்குப் போகிறது. அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி அதற்குப் பின்னால் இருக்கிறது. முன்பெருக்கியின் வரம்பைத் தாண்டும் அலையின் உச்சிகள் அங்கேயே தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பின் சத்தம் குறையுமே தவிர, வெட்டுப்பட்ட உச்சிகள் திரும்பி வருவதில்லை. எனவே உள்ளே நுழையும் முன்பே ஒலியைக் குறைத்தாக வேண்டும்.

அதற்கு இரண்டு ரெசிஸ்டர்கள் போதும். வரும் வழியில் தொடராக 10,000 ஓம், அதன் பின் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 ஓம். மின்னழுத்தம் 101-இல் ஒரு பங்காகும். டெசிபலில் சொன்னால் ஏறத்தாழ 40 குறையும். 1.23 வோல்ட் 12 மில்லிவோல்ட்டாக இறங்கும். அதுவும் கூடுதல் என்றால் மிக்ஸரில் சற்றே குறைத்துக்கொள்ளலாம். ஸ்டீரியோவுக்கு இடம், வலம் இரண்டிலும் தனித்தனியே இந்த அமைப்பு வேண்டும். இதைக் கேபிளின் கேமரா முனையில் வைப்பதே நல்லது. வழியில் கேபிள் வாங்கிக்கொள்ளும் இரைச்சலும் சேர்ந்து குறையும்.

பல கேம்கார்டர்களின் மைக் ஜாக், சிறிய கண்டென்சர் மைக்குகளை இயக்குவதற்காகச் சில வோல்ட் நேர்மின்சாரத்தையும் வெளியே அனுப்புகிறது. அது ரெசிஸ்டர்களுக்குப் போகாமல் தடுக்க, ஒவ்வொரு பக்கத்திலும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை, நேர்முனை கேமராவை நோக்கி இருக்கும்படி தொடராகச் சேர்க்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் ஒலி காணாமல் போவதுண்டு. மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் வெளியீட்டில் ஒரே ஒலி இரு கம்பிகளில் எதிரெதிராக வருகிறது. அவற்றைக் கேமராவின் இடம், வலம் எனப் பிரித்து இணைத்தால் ஹெட்போனில் கேட்கும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கருள்ள கருவியில் இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இந்தச் சிக்கலைத் தீர்ப்பதோடு, மிக்ஸரும் கேமரா அடாப்டரும் வெவ்வேறு பிளக்கில் இருப்பதால் எழும் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் துண்டிக்கும். கேமராவை பேட்டரியில் ஓட்டினாலும் உறுமல் பெரும்பாலும் நின்றுவிடும். உறுமலுக்குப் பயந்து மின்பிளக்கின் எர்த் பின்னை அகற்றுவது உயிருக்கே ஆபத்து.

ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் பல வோல்ட் இருக்கும். அதை மைக் ஜாக்குக்குக் கொண்டுவரவே கூடாது. கேமராவின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு, பேச்சு நிற்கும் இடைவெளிகளில் இரைச்சலை மேலே தூக்கும். அதை அணைக்க வழியிருந்தால் அணைத்துவிட்டு, நிகழ்ச்சியின் மிக உரத்த பகுதியில் அளவுகாட்டி மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி மிக்ஸரில் சரிசெய்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பின்னரே பதிவைத் தொடங்க வேண்டும்.