அம்மியும் மின்பொறியும்

ஒரு வீட்டின் செல்வத்தை மதிப்பிடுவோர் நிலபுலங்களையும் நகைகளையும் எண்ணுவர். அடுக்களையிலுள்ள கற்களை எண்ணுவாரில்லை. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அம்மி எளிதிற் கிடைத்த பொருளன்று. இந்நிலத்தின் அடியில் உள்ளது சுண்ணக்கல். கிணறு வெட்டும்போது வெளிப்படுவதும் அதுவே. மதிலுக்கும் சுண்ணாம்புக்கும் உதவும் அக்கல் அரைப்பதற்கு உதவாது. மிளகாயோடு தானும் தேய்ந்து கறியிற் சேர்ந்துவிடும். ஆதலால் அம்மி, ஆட்டுக்கல் முதலியவற்றுக்கு வேண்டிய கருங்கல் குடாநாட்டுக்கு வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. தாயின் அம்மி மகளின் வீட்டிலும் உழைத்தது வியப்பன்று.

உழைத்தது கல் மாத்திரமா? செத்தல் மிளகாயை இடிப்பதும், ஊறிய உழுந்தை ஆட்டுவதும், அரிசியை இடித்து அரிதட்டில் அரித்து மாவாக்குவதும் பெண்களின் கைகளே. இடியப்பத்தையும் பிட்டையும் தோசையையும் நாள்தோறும் விரும்பி உண்ட ஆடவர், உலக்கையின் பாரத்தை எத்தனை முறை அறிந்திருப்பர் என்பது கேட்கத்தக்க கேள்வி. கைவலியும் தோள்வலியும் வீட்டுக்கணக்கில் எழுதப்பட்டதில்லை.

இப்பாரத்தைக் குறைக்கும் முயற்சி பல இடங்களில் நிகழ்ந்தது. கோயம்புத்தூரில் 1955ஆம் ஆண்டில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லையே மின்னாற் சுழலச் செய்தார். 'கிறைண்டர்' என இன்று நாம் அழைக்கும் பொறி அவ்வாறு பிறந்தது. 1960களில் மாதூர் என்னும் இந்தியப் பொறியியலாளர், ஐரோப்பியக் கலக்கும் பொறி இந்திய அடுக்களையின் மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் ஈடுகொடாது பழுதாவதைக் கண்டு, வலிய மோட்டார் பூட்டிய 'சுமீத்' மிக்ஸியை ஆக்கினார். பிரான்சிலோ வேறொரு தேவை எழுந்தது. அங்கே வெர்டன் என்பவர் உணவகங்களின் பொருட்டுச் செய்த வெட்டும் பொறி, 1970களின் தொடக்கத்தில் வீடுகளுக்கு ஏற்றவாறு சிறிதாகி, 1973இல் அமெரிக்காவையும் அடைந்தது. அதுவே 'பூட் புரொசெசர்'.

மிக்ஸியும் பூட் புரொசெசரும் ஒன்றெனக் கருதிப் பணத்தை இழப்பவர் உளர். மிக்ஸியின் சாடி ஒடுங்கியது. அலகுகள் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழல்வன. நீரோடு சேர்த்தால் எதையும் விழுதாக்கும். புரொசெசரின் பாத்திரம் அகன்றது, வேகம் மிகக் குறைந்தது, அலகு வளைந்தது. அது அரைப்பதற்கன்று, அரிவதற்கும் துருவுவதற்கும் உரியது. வாழைப்பூவை நறுக்கவும், கோவாவைச் சீவவும், பிட்டுமாவைக் குழைக்கவும் அது நல்ல துணை. செத்தல் மிளகாயை அதிலிட்டு மிளகாய்த்தூளை எதிர்பார்த்தல் வீண். அதற்கு ஊர் மில்லே தக்கது.

இனிக் கல்லுக்கும் அலகுக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குவோம். கல் நசுக்குகின்றது, அலகு வெட்டுகின்றது. உழுந்திலுள்ள பசைப்பொருள் காற்றைத் தன்னுள் அடக்க வல்லது. மெதுவாகச் சுழலும் கல் காற்றை அதிற் சிறிது சிறிதாகச் சேர்க்கின்றது. பின்னர் நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயுவும் அப்பசையிலே தங்குவதால் மா பொங்குகின்றது. விரைந்து சுழலும் அலகோ மாவைச் சூடாக்குகின்றது. சூடு மிகின் நுண்ணுயிர்கள் நலியும். மிக்ஸியில் உழுந்து அரைப்போர் குளிர்ந்த நீர் விட்டு, இடையிடையே நிறுத்தி அரைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். தோசைக்கெனச் சேர்க்கும் வெந்தயத்தை நன்றாக ஊறவிடுதலும் வேண்டும்.

இடிசம்பல் இன்னும் நுட்பமானது. பொரித்த மிளகாய், தேங்காய்ப்பூ, வெங்காயம், புளி, உப்பு ஆகியவை உரலில் ஒன்றோடொன்று நசுங்கினும் தத்தம் உருவை முற்றும் இழப்பதில்லை. பொறியை நிறுத்தாது ஓட்டினால் வெங்காயம் நீர்விட்டுக் கசக்கும், சம்பல் சட்னியாகிவிடும். முதலில் மிளகாயையும் உப்பையும், பின் தேங்காய்ப்பூவையும், கடைசியில் வெங்காயத்தையும் இட்டு, விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை சுழற்றினாற் போதும். உரற்சம்பலுக்கு அது முற்றும் நிகரன்று, காலைப்பொழுதுக்குப் பழுதுமன்று. தேங்காய்ப்பால் எடுப்பதிலோ மிக்ஸியே வெல்லும். இளஞ்சூட்டு நீர் சேர்த்துச் சுழற்றிப் பிழிந்தால் சொதிக்கு வேண்டிய கெட்டிப்பால் விரைவிற் கிட்டும்.

இப்பொறிகள் அனைத்தும் மின்சாரத்தின் தயவில் வாழ்வன என்பதைக் குடாநாடு கடுமையாகக் கற்றது. 1990ஆம் ஆண்டில் மின்வழங்கல் அறுந்தது. ஆண்டுகள் பல அவ்வாறே கழிந்தன. பொருளாதாரத் தடையால் எண்ணெயும் அரிதாகவே, சிறு போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் மாணவர் படித்தனர். மிதிவண்டிச் சில்லைச் சுழற்றித் தைனமோவின் மின்னால் வானொலி கேட்டோர் பலர். ஆனால் தைனமோ தருவது ஏறத்தாழ 3 வாற்று. மிக்ஸி கேட்பதோ 500 வாற்றுக்கு மேல். செய்தி கேட்கப் போதுமான மின் ஒருபிடி மிளகாயை அரைக்கப் போதவில்லை. மூலையிற் கிடந்த அம்மிகள் மீண்டும் கழுவப்பட்டன. கல்லை விற்றுவிட்டோர் அயல்வீட்டுக் கல்லை நாடவேண்டியதாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோதோ, அம்மியைத் தூக்கிச் செல்ல எவராலும் இயலவில்லை.

2013ஆம் ஆண்டளவில் குடாநாடு நாட்டின் மின்தொகுதியோடு மீண்டும் இணைந்தது. இன்று வேலைக்குச் செல்லும் பெண்ணின் அடுக்களையில் கிறைண்டரும் மிக்ஸியும் இல்லாதிருப்பது அரிது. அவள் அவற்றை வாங்கியதைச் சோம்பல் என்று பழிக்கும் முதியோர், ஒரு வாரம் உழுந்தைத் தாமே ஆட்டிப் பார்க்கலாம். எனினும் மீன்கறிக்கான கூட்டு ஒருபிடியே வேண்டுமாயின், சாடியின் அடியில் அது ஒட்டிக்கொண்டு அலகுக்கு எட்டாது போகும். அந்த ஒருபிடியின் பொருட்டு, கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் அம்மி இன்னமும் இருக்கின்றது. நெடுநாள் பொளியாத கல் வழுவழுப்பேறி அரைக்காது. அதனைப் பொளியத் தெரிந்தவர்களோ அருகி வருகின்றனர்.