நூறு மைக்ரான் ஜாதகம்

பழைய கார் டீலரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பார்க்க வருகிற ஆள் முதலில் பானெட்டைத் திறப்பார் என்றுதான் நினைப்போம். இப்போதெல்லாம் பலர் அப்படிச் செய்வதில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் கூரையில் வைக்கிறார்கள். 112 என்று காட்டுகிறது. முன்கதவில் 118. பின்கதவில் 340. உடனே, "இந்தப் பக்கம் பட்டி பார்த்திருக்கு சார்" என்று அறிவிப்பு வருகிறது. விலையில் சில ஆயிரங்கள் அந்த நொடியிலேயே கழிந்துவிடுகின்றன.

அந்த எண்கள் பெயிண்டின் தடிமன், மைக்ரான் கணக்கில். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். கம்பெனியிலிருந்து வந்த காரின் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான், அதாவது இரண்டு முடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரம். அந்த உயரத்துக்குள் நான்கு அடுக்குகள் இருக்கின்றன: துரு தடுக்கும் அடித்தளம், பிரைமர், நிறம், மேலே பளபளப்புக்கான கிளியர் கோட்.

சுரண்டாமல், கீறாமல் இதை எப்படி அளக்க முடிகிறது? கருவியின் முனைக்குள் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மாறுதிசை மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகிறது. இரும்புத் தகடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தப் புலம் வலுக்கும். தகட்டுக்கும் முனைக்கும் நடுவே இருப்பது பெயிண்ட் மட்டுமே என்பதால், புலத்தின் வலு தெரிந்தால் பெயிண்டின் தடிமன் தெரிந்துவிடும். சில விலை உயர்ந்த கார்களில் பானெட் அலுமினியம். அதைக் காந்தம் இழுக்காது. அங்கே கருவி அதிர்வெண்ணைக் கூட்டி, அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பி, அது திருப்பித் தரும் எதிர்ப்பை அளக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் இரண்டு வித்தையும் பலிக்காது. கருவி வருவதற்கு முந்தைய காலத்துப் புரோக்கர்கள் துணி சுற்றிய காந்தத்தை வைத்தே வேலையை முடித்தார்கள். பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுக்கும்.

அளப்பதைவிட ஆச்சரியம், அளக்கும்படி பெயிண்ட் ஒரே சீராக இருப்பதுதான். ஒரு காரின் எல்லா வளைவிலும் இடுக்கிலும் ஸ்பிரே கன் பிடித்து இத்தனை ஒழுங்கை யாராலும் கொண்டுவர முடியாது. அதனால் முதல் அடுக்கை அடிப்பதே இல்லை. சீட்டும் எஞ்சினும் இல்லாத வெறும் கூட்டை, தண்ணீரில் கலந்த பெயிண்ட் தொட்டிக்குள் முழுசாக முக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். மின்னேற்றம் பெற்ற பெயிண்ட் துகள்கள் இரும்பை நோக்கி ஓடி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் மின்சாரம் பாய்வது குறையும். உடனே மின்சாரம் இன்னும் மூடாத இடத்தைத் தேடிப் போகும். இப்படியே பில்லரின் உட்பக்கம், கண்ணுக்கே தெரியாத பொந்துகள் வரை பெயிண்ட் போய்ச் சேர்கிறது. எங்கும் ஏறக்குறைய 20 மைக்ரான்தான். தடித்த இடத்தில் தானாகவே நின்றுவிடும். 1960-களில் ஃபோர்டு நிறுவனம் ஆலை அளவில் கொண்டுவந்த இந்த முறைதான் இன்று உலகம் முழுக்க நடக்கிறது.

அடுத்தது அடுப்பு. அடித்தளத்தை ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸிலும், மேல் அடுக்குகளைச் சுமார் 140 டிகிரியிலும் சுடுகிறார்கள். வெறும் கூடு என்பதால் தாங்கும். சில வருடம் ஓடிய காரை அந்த அடுப்பில் வைத்தால் டேஷ்போர்டு உருகும், ரப்பர் கருகும், ஒயர் உறை இளகும். டேங்கில் பெட்ரோல் வேறு இருக்கிறது. ஆகவே பெயிண்ட் பூத்தில் சூடு 60 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அந்தக் குறைவை ஈடுகட்டத்தான் பெயிண்டர் ஹார்ட்னர் கலக்கிறார். சூடு செய்யவேண்டிய வேலையை அங்கே ரசாயனம் செய்கிறது. வேலை தெரிந்தவர் அடித்தால் பார்வைக்கு வித்தியாசமே இருக்காது. ஆனால் பழைய பெயிண்டின் மேலோ, பட்டியின் மேலோ புதிய அடுக்குகள் ஏறுகிறபோது தடிமன் 200, 300 என்று போகும். பட்டி கனமாக இருந்தால் ஆயிரத்தையும் தாண்டும். கண்ணை ஏமாற்றலாம், கம்பிச் சுருளை ஏமாற்றுவது கஷ்டம்.

ஒன்று சொல்லவேண்டும்: 340 என்று காட்டியதாலேயே வண்டி மோசம் ஆகிவிடாது. நம் ஊர்த் தெருவில் ஓடும் காரில் ஒரு கதவிலாவது கோடு விழாமல் இருக்காது. டீலர் உண்மையில் தேடுவது எலும்பு முறிவை, சிராய்ப்பை அல்ல. அதற்காகத்தான் கதவைத் திறந்து பில்லரின் ரப்பர் பீடிங்கை உரித்துப் பார்க்கிறார். உள்ளே ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாக ஸ்பாட் வெல்டிங் தழும்புகள் தெரியவேண்டும். ஒரு காரில் இப்படிச் சில ஆயிரம் புள்ளிகள் உண்டு. அந்த வரிசை கலைந்திருந்தால், வண்டி பலமாக அடிபட்டு வெட்டி ஒட்டப்பட்டது என்று அர்த்தம். இன்சூரன்ஸில் வேலை பார்த்த பில் கையில் இருந்தால் ஒளிக்காமல் நீட்டிவிடுங்கள். தெரிந்த சேதத்துக்குக் கழிப்பதைவிடச் சந்தேகத்துக்குக் கழிப்பதுதான் அதிகம்.

சந்தேகத்துக்கு ஏன் இத்தனை விலை? ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் இதையே ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார் சந்தைதான். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவர், இந்த விலைக்கு எதற்கு என்று விலகிப் போவார். சந்தையில் மிச்சமிருப்பது மோசமான வண்டிகள். விலை இன்னும் இறங்கும். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரைக்காக அவருக்கு 2001-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. டீலரின் கையிலுள்ள கருவி விற்பவரை மடக்குவதற்கு என்று தோன்றும். நல்ல வண்டிக்காரருக்கு அதைப்போல உதவுவது வேறில்லை.

ஸ்கேனர் இன்னொரு வேடிக்கை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால், காரின் கணினி குறித்துவைத்த கோளாறுகள் வரிசையாக வரும். முந்தின நாள் மெக்கானிக்கிடம் போய் அவற்றை அழித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அழித்தால், புகை தொடர்பாகக் கார் தனக்குத்தானே நடத்திக்கொள்ளும் சோதனைகளின் முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். சில நாள் பலவிதமாக ஓட்டினால்தான் அவை மறுபடி நிரம்பும். ஆகவே "கோளாறு ஏதும் இல்லை, ஆனால் சோதனை எதுவும் முடியவில்லை" என்று ஸ்கேனர் காட்டினால், டீலர் சிரித்துக்கொள்வார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. சீட்டையும் கார்ப்பெட்டையும் கழுவுகிறவர்கள், சுருண்டு உள்ளே கிடக்கும் பெல்ட்டின் வண்டல் கறையை மறந்துவிடுவார்கள்.

வண்டியின் கதை இப்படி உலோகத்திலும் சிப்பிலும் பதிந்திருக்க, அது யாருடையது என்பது மட்டும் காகிதத்தில் இருக்கிறது. விற்றவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். டீலர் தன் பெயருக்கு மாற்றினால் ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடி விலை குறையும். அதனால் 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஆள் கிடைக்கும்வரை காத்திருப்பது நெடுநாள் பழக்கம். அந்த இடைவெளியில் விபத்து நடந்தால்? கைமாறிக் கைமாறிப் போயும் பெயர் மாறாத ஒரு கார் வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது.

இந்த ஓட்டையை அடைக்க 2023 ஏப்ரலில் புது விதி நடைமுறைக்கு வந்தது. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததும் 29சி என்ற படிவத்தை இணையத்தில் பதியவேண்டும். பதிந்துவிட்டால், ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். பிறகு அவர் அந்த வண்டியைச் சொந்த வேலைக்கு ஓட்டக்கூடாது. வாங்க வருபவருக்குக் காட்ட, ஓட்டிப் பார்க்க, ரிப்பேருக்கோ பெயிண்டுக்கோ கொண்டுபோக மட்டும் எடுக்கலாம். எடுத்த ஒவ்வொரு முறையையும் பதிவேட்டில் குறிக்கவேண்டும். கார் லோன் பாக்கி தீர்ந்திருந்தால் வங்கியிடம் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்குவது, ஃபாஸ்டேகை மூடுவது, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளைம் போனஸுக்குக் கடிதம் வாங்குவது எல்லாம் அரை நாள் அலைச்சல். 29சி பதிந்த ஒப்புகை கைக்கு வருவதற்கு முன் இரண்டாவது சாவியைக் கொடுக்காதீர்கள்.