பிடரியில் ஒரு சாவித்துவாரம்

நாற்பது வருடம் பூட்டு ராவிய கை என் தாய்மாமாவுடையது. திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பட்டறை. தகடு வெட்டி, லீவர் அடுக்கி, அந்த லீவருக்கு ஏற்றபடி சாவியின் பல்லை அரத்தால் ராவி ராவிச் சரிசெய்வது அவர் வேலை. அரம் இரும்பை மட்டுமா தேய்க்கும்? போன வருடம் ரேஷன் கடையில் ரேகைக் கருவியில் அவர் கட்டைவிரலை வைத்தார். ரேகை விழவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். விழவில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும், எடை போடுகிறவருக்கும் தெரியும். இருந்தாலும் அத்தை வந்து தன் விரலை வைத்த பிறகுதான் அரிசி கிடைத்தது. வீடு வரும்வரை மாமா பேசவில்லை. உள்ளங்கையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நான்தான் நான் என்பதற்கு எது சாட்சி என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று இரவு நினைவு வந்தது ஒரு ஜப்பானியப் படம். 1995-இல் வெளிவந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’. மசாமுனே ஷிரோ 1989-இல் எழுதி வரையத் தொடங்கிய சித்திரக்கதையை வைத்து மமோரு ஓஷி இயக்கியது. ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான அனிமேஷன் படம். அனிமேஷன் என்றதும் நம் ஊரில் ‘பொம்மைப் படம்’ என்று குழந்தைகளை முன்னால் உட்காரவைத்துவிடுவோம். இதை அப்படிச் செய்ய வேண்டாம். ரத்தமும் நிர்வாணமும் உள்ள, பெரியவர்களுக்கான படம் இது. வயது வந்தவர்களைத்தான் தூங்கவிடாமல் செய்யும்.

கதை 2029-இல் நடக்கிறது. மனிதர்கள் தங்கள் மூளையையே கணினி வலையோடு இணைத்துக்கொண்ட காலம். நாயகி மோட்டோகோ குசானாகி, அரசின் ரகசியப் பாதுகாப்புப் படையான ஒன்பதாம் பிரிவின் மேஜர். அவளுடைய உடல் முழுக்கத் தொழிற்சாலையில் செய்தது. மிச்சமிருப்பது மண்டைக்குள் கொஞ்சம் மூளை, அதற்குள் ‘கோஸ்ட்’ என்று அவர்கள் சொல்கிற ஏதோ ஒன்று. ஆவி என்று அதைத் தமிழில் சொன்னால் பேய் வந்துவிடும். உயிர் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அவள் பிடரியில் செருகுதுளைகள் இருக்கின்றன, கம்பியைச் செருகி வலைக்குள் போவதற்கு. வலைக்குள் போகிற வழி இருந்தால் வலையிலிருந்து உள்ளே வருகிற வழியும் இருக்கும். அதனால் ஒவ்வொருவர் மூளையைச் சுற்றியும் தடுப்புகள், பூட்டுகள். அதையும் உடைக்கிறவன் ஒருவன் வருகிறான். பொம்மலாட்டக்காரன் என்று அவனுக்குப் பெயர். ஆட்களின் உயிருக்குள்ளேயே புகுந்து நூல் கட்டி ஆட்டுகிறான்.

பூட்டு ஊர்க்காரனான எனக்கு இந்தப் பூட்டு விஷயம் சட்டென்று பிடிபட்டது. இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அடிக்கிற பூட்டு வேறு, பூட்டும் சாவியும் ஒரே கையில் சேர்ந்து பிறக்கிற திண்டுக்கல் பூட்டு வேறு. லீவர் ஒவ்வொன்றையும் சாவியின் பல் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். மாங்காய் வடிவில் செய்கிற மாங்காய்ப் பூட்டு இன்றைக்கும் பேர் பெற்றது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அலிகார் பூட்டு மலிவாக வந்து குவிந்த பிறகு பட்டறைகள் குறைந்துகொண்டேதான் போகின்றன. எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

படத்தில் என்னை உலுக்கிய இடம் மேஜருடையது அல்ல. குப்பை வண்டிக்காரன் ஒருவனுடையது.

அவன் குப்பை அள்ளிக்கொண்டே ஆங்காங்கே தொலைபேசிக் கூண்டில் இறங்கி ஏதோ செய்கிறான். மனைவி விவாகரத்துக் கேட்கிறாள், மகளைப் பார்க்க விடமாட்டேன் என்கிறாள், அவள் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று உள்ளே நுழைந்து பார்க்கத்தான் இதெல்லாம் என்று நம்புகிறான். மதுக்கடையில் பழக்கமான ஒருவன் அதற்கான மென்பொருளைக் கொடுத்தானாம். உண்மையில் அவன் கையை வைத்துப் பொம்மலாட்டக்காரன் வெளியுறவு அமைச்சரின் மொழிபெயர்ப்பாளர் மூளைக்குள் ஊடுருவிக்கொண்டிருக்கிறான். பிடித்து உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். அப்போதுதான் சொல்கிறார்கள்: உனக்குக் கல்யாணமே ஆகவில்லை. பல வருடமாக ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாய். மனைவி, மகள், சண்டை எல்லாமே உன் மூளையில் யாரோ எழுதிவைத்தது. மகள் படம் என்று நீ காட்டிய புகைப்படத்தை நீயே பார்.

பார்க்கிறான். அதில் அவனும் ஒரு நாயும்தான் இருக்கிறார்கள். தொங்கு காது பாசெட் நாய். ஓஷிக்கு அந்த இனத்தின்மீது பாசம் அதிகம். தன் படங்களில் எங்காவது ஒன்றைக் கொண்டுவந்துவிடுவார். அந்தப் பொய் நினைவை எடுத்துவிட முடியுமா என்று அவன் கேட்கிறான். சரியான வழி இன்னும் இல்லை என்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மேஜர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன்னுடைய நினைவுகளுக்கு மட்டும் யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கேதான் அவளைப் பிடித்துக்கொள்கிறது.

ஒருவருக்குள் இன்னொருவர் புகுகிற இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று இதற்கு நம்மிடம் பெயரே இருக்கிறது. எங்கள் மாவட்டத்துப் பழநி மலைக்குப் போனால் போகர் கதை கேட்காமல் திரும்ப முடியாது. நவபாஷாணத்தில் முருகனைச் செய்த சித்தர், சீன தேசம் போய் அங்கே இன்னொரு உடம்பில் புகுந்தார் என்பார்கள். ஆனால் எனக்கு நினைவு போனது திருமூலரிடம். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிற கதை அது. சாத்தனூரில் மூலன் என்கிற இடையன் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அது பொறுக்காமல் வழியில் வந்த யோகி தன் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுந்து எழுகிறார். மாடுகள் வீடு சேர்கின்றன. மூலன் மனைவி, புருஷன் வரவில்லையே என்று தேடி வருகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லி அவர் விலகிப் போய்விடுகிறார். திரும்பிப் போய்ப் பார்த்தால் தன் பழைய உடம்பும் அங்கே இல்லை.

அந்த யோகிதான் திருமூலர். அவர் பாடிய திருமந்திரத்தைக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். மூலன் மனைவியான அந்தப் பெண்ணை நாம் யோசித்ததுண்டா? முகம் அதே முகம், கை அதே கை, உள்ளே ஆள் வேறு. ஜப்பானியக் குப்பை வண்டிக்காரனுக்கு இதுவே தலைகீழ். ஆள் அவனேதான். உள்ளே குடியிருக்கிற குடும்பம்தான் இல்லாத குடும்பம். இரண்டு பேருடைய துக்கத்துக்கும் ஒரே எடை என்று நினைக்கிறேன்.

நம் சித்தர்களுக்கும் மேஜருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சித்தர் தன் இஷ்டத்துக்குக் கூடு மாறலாம். இவளுடைய கூடு அரசாங்கச் சொத்து. வேலையை விட்டால் உடம்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு ராத்திரி படகில் உட்கார்ந்து தன் சகா பட்டூவிடம் பேசுகிறாள். அட்வான்ஸ் வாங்கி, அது தீராததால் மில்லை விட்டுப் போக முடியாதவர்களை எங்கள் ஊர்ப்பக்கம் எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்தப் படகுக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

படத்தின் நடுவே கதையே நகராத சில நிமிடங்கள் உண்டு. ஹாங்காங்கை மனதில் வைத்து வரைந்த நகரம், கால்வாய், மழை, விளம்பரப் பலகைகள், குடை பிடித்துப் போகிற குழந்தைகள். பேச்சு கிடையாது. கென்ஜி கவாயின் இசை மட்டும். பழைய யமாட்டோ மொழியில் திருமணப் பாட்டு. அதை ஜப்பானிய நாட்டுப்புறப் பாடகிகள் பல்கேரியப் பெண்கள் பாடுகிற ஒத்திசை முறையில் பாடுகிறார்கள். படத் தொடக்கத்தில் மேஜரின் எந்திர உடம்பு பிறக்கிற காட்சியிலும் இதே பாட்டுதான். அதற்கு எதற்குக் கல்யாணப் பாட்டு என்று முதல் தடவை புரியவில்லை. பொம்மலாட்டக்காரன் மனிதனே இல்லை, வலைக்குள் தானாகப் பிறந்த ஓர் அறிவு என்று தெரிந்து, அது மேஜரோடு கலந்து ஒன்றாக விரும்புகிறது என்றும் தெரிந்த பிறகு இரண்டாம் தடவை பார்த்தேன். முதல் ஃப்ரேமிலிருந்தே அது கல்யாணப் படம்தான்.

இதைப் பார்த்துத்தான் வச்சோவ்ஸ்கிகள் 1999-இல் ‘மேட்ரிக்ஸ்’ எடுத்தார்கள். ஓஷியே 2004-இல் ‘இன்னோசென்ஸ்’ என்று அடுத்த பாகம் எடுத்தார், அது கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. 2017-இல் ஹாலிவுட் இதே கதையை நடிகர்களை வைத்து எடுத்ததில் அந்தக் கால்வாயின் அமைதி எனக்குக் கிடைக்கவில்லை.

சென்ற மாதம் மடிக்கணினியில் அந்த விசாரணைக் காட்சியை மட்டும் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு மாப்ள?”

“அப்படி ஒரு பிள்ளையே இல்ல மாமா. எல்லாம் அவன் மூளையில எழுதிவச்சது.”

“அது சரி. அவனுக்கு இருந்துச்சுல்ல. அவன் என்னன்னு கூப்பிட்டிருப்பான்?”

அந்தக் காட்சியை இன்னொரு முறை முதலிலிருந்து போடச் சொன்னார்.