அஸ்தினாபுரத்து மண்

டில்லியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும், பக்கத்து மீரட் ஜில்லாவில் இருக்கும் அஸ்தினாபுரத்தை நான் பார்த்ததில்லை. சென்ற மார்ச்சில்தான் பேரனோடு போனேன். பாட்டியிடம் பாரதம் கேட்டு வளர்ந்த பையன் அரண்மனையைத் தேடினான். இருந்ததோ புல் முளைத்த மண்மேடு.

"அப்போ எல்லாம் பொய்யா தாத்தா?" முகம் வாடிவிட்டது.

ரயில்வேயில் பாலங்களுக்கு அஸ்திவாரம் போட்டவன் நான். போரிங் போட்டு எடுத்த மண்ணைப் பார்த்தே ஆறு எங்கே புரண்டதென்று சொல்லிப் பழக்கம். எனவே மண்ணைப் பற்றியே பேசினேன். 1950-52-ல் தொல்லியல் அறிஞர் பி.பி. லால் இங்கே தோண்டினார். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடுகள் தீட்டிய மட்பாண்டங்களும் மண்சுவர் வீடுகளின் அடையாளமும் கிடைத்தன. மாளிகை கிடைக்கவில்லை. ஆனால் கங்கை வெள்ளம் ஊரின் ஒரு பகுதியை அரித்துச் சென்ற தடயம் இருந்தது. பரீட்சித்தின் வழிவந்த நிசக்ஷு காலத்தில் கங்கை ஊரைக் கொண்டுபோக, தலைநகர் கௌசாம்பிக்கு மாறியது என்கின்றன புராணங்கள். லால் இரண்டையும் இணைத்தார். ஏற்காத அறிஞர்களும் உண்டு.

வெள்ளம் வந்தது உண்மை. அதற்காகச் சூதாட்டமும் நடந்தது என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி, "உங்கள் கையெழுத்தை யார் கேட்டது? தன்னையே தோற்றவன் பெண்டாட்டியைப் பணயம் வைக்கலாமா என்று பாஞ்சாலி கேட்டாளே, அதற்குப் பதில் சொல்லுங்கள்" என்றாள்.

பீஷ்மரே திணறிய கேள்வி. பேரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.