நஜரும் ஆசனமும்

1750 டிசம்பரில் புதுச்சேரியில் முசாபர் ஜங்குக்கு நடந்த பட்டமேற்பு விழாவை எழுதுகிற பலரும் துய்ப்ளெக்ஸின் உடையிலேயே நின்றுவிடுகிறார்கள். பிரெஞ்சு கவர்னர் முகலாயப் பிரபுவைப் போல அங்கி தரித்து வந்தது கண்ணைப் பறிக்கும் காட்சிதான். ஆனால் அடுத்து நடந்ததில்தான் விஷயம் இருக்கிறது. முசாபர் ஜங் தக்காணத்து சுபேதாராக ஆசனத்தில் அமர்ந்ததும், துய்ப்ளெக்ஸ் முன்னே சென்று நஜர் வைத்தார். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குச் செய்யும் மரியாதை அது. உடனே முசாபர் ஜங் எழுந்து வந்து, தமக்குச் சமமான ஆசனத்தில் அவரை உட்கார வைத்தார். தக்காணத்துக்கு உரிமையுள்ள அதிபதி யார் என்பதைக் கவர்னர் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த அதிபதி யார் பலத்தில் நிற்கிறார் என்பதைச் சபையும் பார்த்துக்கொண்டது. கையெழுத்திட்ட உடன்படிக்கை ஒன்று இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்காது.

இத்தகைய மரியாதைகளைக் கட்டிக் காத்தது மாமூல். இன்று அந்தச் சொல்லுக்கு லஞ்சம் என்று பொருள். அன்று அதற்கு, வழக்கமாக நடந்து வருவது என்று பொருள். ஒருமுறை செய்த மரியாதையை மறுமுறை உரிமையாகக் கேட்கலாம், குறைத்தால் அவமதிப்பு. 1740இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி மராட்டியரிடம் மாண்டபோது, அவர் குடும்பத்தாருக்குப் புதுச்சேரி கவர்னர் துய்மா அடைக்கலம் தந்தார். பின்னர் தில்லியிலிருந்து துய்மாவுக்கு நவாப் பட்டமும் 4,500 குதிரைக்குரிய மன்சப் பதவியும் வந்தன. அது தம்மோடு முடியாமல் அடுத்த கவர்னருக்கும் சேரவேண்டும் என்பதில் துய்மா கருத்தாக இருந்தார். 1742இல் கவர்னரான துய்ப்ளெக்ஸுக்கு அது சேர்ந்தது. துய்ப்ளெக்ஸின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில் யாருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், யாருக்கு என்ன வெகுமானம் என்ற விவரம் சலிக்கச் சலிக்க வருவதும் இதனால்தான். துபாஷிக்கு அது தொழில் அறிவு. கவர்னர் மாளிகைக்குள் மேளதாளத்தோடு பல்லக்கில் போகும் உரிமை அவருக்கே இருந்தது. அதன் எடையை அவர் அறிவார்.

கொரியாவும் ஜப்பானும் இதே பாடத்தைப் படித்தவை. 1607 முதல் 1811 வரை பன்னிரண்டு கொரியத் தூதுக்குழுக்கள் ஜப்பான் சென்றன. ஜப்பானை ஆண்ட ஷோகுனை எந்தப் பட்டத்தால் அழைப்பது என்ற சிக்கலுக்காக, இடையில் நின்ற சுஷிமா தீவினர் அரச கடிதங்களையே திருத்தினார்கள். 1711இல் ஷோகுனின் ஆலோசகர் அராய் ஹகுசெகி பட்டத்தையும் சடங்கையும் மாற்றினார்; 1719இல் பழைய வழக்கமே திரும்பியது.

வென்றது பீரங்கிதானே, சடங்கு வெறும் பூச்சுதானே என்று கேட்கலாம். 1746இல் அடையாற்றங்கரையில் சிறு பிரெஞ்சுப் படை ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்தது உண்மை. ஆனால் வென்ற அதே துய்ப்ளெக்ஸ் நான்கே ஆண்டுகளில் நஜரோடு நின்றார். பீரங்கி நிலத்தைப் பிடித்துத் தரும்; வரி கேட்கும் உரிமையைத் தராது. 1751 பிப்ரவரியில் முசாபர் ஜங் கொல்லப்பட்டவுடன், அவர் கொடுத்தவற்றை அடுத்து வந்த சலாபத் ஜங்கிடம் உறுதிசெய்து வாங்க வேண்டியிருந்தது அதனால்தான்.

1754 ஜனவரியில் டச்சுக்காரர்களின் சதுரங்கப்பட்டினத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். இரு பக்கமும் படை இருந்தது. பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது சனதுகளை, அதாவது உரிமை தரும் அதிகாரப் பத்திரங்களையே. பிரெஞ்சுத் தரப்பு காட்டிய முகலாய பாதுஷாவின் கடிதத்தில் முத்திரை சரியில்லை என்றார்கள் ஆங்கிலேயர். அவர்களோ தங்கள் சனதுகளைக் கொண்டுவரவே இல்லை. பேச்சு முறிந்தது. அதே ஆண்டில் துய்ப்ளெக்ஸைப் பாரிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது.