பெயர் மாற்றப்பட்ட சாமி

ஜூலை 17, 24 ஆகிய நாட்களில் கியோட்டோ நகரத் தெருக்களில் கியோன் திருவிழாத் தேர்கள் புறப்படும். ஆணி அடிக்காமல் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டிய மரத்தேர்கள். அவற்றை அலங்கரிக்கும் திரைகளில் ஒன்றில் விவிலியத்து ரெபெக்காள் தண்ணீர் வார்க்கிறாள். வேறு இரண்டு தேர்களில் வீற்றிருப்பது கன்னோன், அதாவது நம் அவலோகிதேஸ்வரர். இத்தனைக்கும் இது, ஜப்பானுக்கே உரிய மதம் எனப்படும் ஷிண்டோவைச் சேர்ந்த யசாகா கோயிலின் திருவிழா.

1868 வரை அந்தக் கோயிலுக்கு யசாகா என்று பெயரில்லை. கியோன் கோயில் என்றார்கள். புத்தர் தங்கிப் போதித்த சிராவஸ்தியின் ஜேதவன விகாரைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் அது. மூலவர் கோசு தென்னோ, காளைத் தலை கொண்டவர், அந்த விகாரையின் காவல் தெய்வம் என்பது நம்பிக்கை. கொள்ளைநோயைத் தருபவரும் அவரே, தணிப்பவரும் அவரே. 869இல் நாட்டில் நோய் பரவியபோது, அன்றைய மாகாணங்களின் கணக்குப்படி 66 ஈட்டிகளை நட்டு வேண்டிக்கொண்டதிலிருந்து விழா தொடங்கியதாகச் சொல்கிறார்கள். பூசை, நிர்வாகம் எல்லாம் புத்தத் துறவிகள் கையில் இருந்தன.

1868இல் புதிதாக ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு ஓர் ஆணை போட்டது. புத்த மதச் சொற்களால் அழைக்கப்படும் தெய்வங்கள் இனி ஷிண்டோ கோயில்களில் கூடாது. புத்தர் சிலைகளை அகற்ற வேண்டும். கோயில்களில் உள்ள துறவிகள் துறவைக் கைவிட வேண்டும். ஆணையிலேயே உதாரணமாகக் குறிப்பிடப்பட்ட பெயர்களில் கோசு தென்னோவும் ஒன்று! கோயிலுக்கு யசாகா என்று பெயர் சூட்டி, புராணத்துச் சுசானோவை மூலவராக்கினார்கள். ஆயிரம் ஆண்டு கும்பிட்ட சாமி அரசாங்கத் தாளில் காணாமல் போனார்.

ஷிண்டோ மிகப் பழையது, கலப்பற்றது என்று நாம் படித்துவந்த சித்திரத்துக்கு இந்த ஆணையும் ஒரு காரணம். பழமை பொய்யில்லை. நிறுவனர் கிடையாது, வேதநூல் கிடையாது. மலை, அருவி, முதிய மரம் என்று எதிலும் காமி எனப்படும் தெய்வம் குடியிருக்கலாம். நாரா அருகே ஓமிவா கோயிலில் இன்றும் கருவறை இல்லை. எதிரே நிற்கும் மிவா மலைதான் சாமி.

கலப்பற்றது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 6ஆம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து புத்தர் சிலை வந்தபோது, அந்நிய தெய்வத்தை ஏற்பதா என்று சோகா, மொனொனோபே குலங்கள் மோதிக்கொண்டன. 587இல் மொனொனோபே தோற்றது. அதன்பின் சமரசம் வேகமாக நடந்தது. 749இல் நாராவின் பெரிய புத்தர் சிலைப் பணிக்குத் துணைநிற்க ஹச்சிமான் என்ற காமியே பல்லக்கில் வந்ததாக ஐதீகம். காலப்போக்கில், காமிகள் எல்லாம் புத்தர்களின் ஜப்பானிய வடிவங்கள் என்ற கொள்கையே உருவானது. சூரிய தேவி அமதேராசு, வைரோசன புத்தரானாள். 712இல் எழுதப்பட்ட கோஜிகி புராணமும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. தன் வம்சத்தைச் சூரியனோடு இணைத்துக்கொள்ள விரும்பிய அரசவை, சீன எழுத்தில் எழுதி வாங்கிய நூல் அது.

அந்த நூலுக்கு மோட்டோரி நோரினாகா என்ற அறிஞர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓர் உரை எழுதினார், 1798இல் முடித்தார். சீனமும் புத்தமும் வருவதற்கு முந்தைய ஜப்பானிய மனத்தைத் தேடிய உழைப்பு. அறிஞரின் தேடலாக இருந்தவரை அதனால் சேதமில்லை. அவர் வழிவந்தவர்கள் அதை அரசியலாக்க, மெய்ஜி ஆட்சி ஆணையாக்கியது. பிவா ஏரிக்கரையின் ஹியோஷி கோயிலில் புத்த சிலைகளையும் சூத்திர ஏடுகளையும் தீயிலிட்டார்கள். பேரரசர் சூரிய தேவியின் வழித்தோன்றல் என்பது பள்ளிப் பாடமானது. போரில் மாண்ட வீரர்கள் யசுகுனி கோயிலில் காமிகளானார்கள். குடியேற்ற நாடான கொரியாவின் தலைநகரிலும் ஒரு கோயில் எழுந்தது. கொரியர்கள் அதை வணங்க வற்புறுத்தப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றபின், 1945 டிசம்பரில் நேச நாடுகளின் ஆக்கிரமிப்புப் படை போட்ட உத்தரவு ஷிண்டோவை அரசிடமிருந்து பிரித்தது.

ஷிண்டோ வேறு, புத்தம் வேறு என்ற பிரிவினையைச் சாதாரணக் குடும்பங்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. பிறந்த குழந்தையைக் காமியிடம் கொண்டுபோவார்கள். இறந்தவருக்குப் புத்தத் துறவி வந்து சூத்திரம் ஓதுவார். தோக்கியோவுக்குத் தெற்கே எனோஷிமா தீவுக் கோயிலில் 1868க்குப் பிறகு மூன்று சகோதரி தேவியர்தான் அதிகாரபூர்வ தெய்வங்கள். ஆனால் அங்குள்ள எண்கோண மண்டபத்தில் பென்சைதென் இன்னும் பிவா என்ற தந்தி வாத்தியத்தோடு அமர்ந்திருக்கிறாள். இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதி அவள். கலை கைகூட வேண்டும், கையில் காசு தங்க வேண்டும் என்று ஜனங்கள் அவளிடம்தான் போய் நிற்கிறார்கள்.